போடாத ஆமா

அண்ணாச்சி,

நீங்கள் வில்லில் அடிக்கும் வீசுகோலின் மணிச்சத்தம் காலையிலிருந்து என் காதுக்குள்ளேயே கிடக்கிறது. பம்பாய் சுனாபட்டியில் எடிட்டிங் அறையில் ஹெட்போனை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறேன். உங்களைப் பற்றிய படத்தை நாளைக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். எடிட்டர் பெண் தாராவியில் பிறந்தவள். "அண்ணா, இங்க பதினோரு செகண்ட் காலி. கட் பண்ணிடவா?" என்கிறாள். அந்தப் பதினோரு நொடியும் நீங்கள் எனக்காகக் காத்திருந்தீர்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று உங்கள் வில்லுப்பாட்டுக் குழுவின் பின்னால் கேமராவோடு அலைந்த நாளெல்லாம் என்மேல் உங்களுக்கு ஒரே குறைதான். நீங்கள் பேசும்போது நான் "ம்" கொட்டுவேன். "எருமையா வே நீரு? ஆமான்னு சொல்லும். பின்பாட்டுக்காரன் ஆமா போடாட்டா எனக்கு அடுத்த வரி வராது" என்பீர்கள். நானும் போட்டேன். கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்துக்கொண்டே நீங்கள் அளந்த கதைக்கெல்லாம் போட்டேன். பிறகு பதிவை ஓடவிட்டுக் கேட்டால், எந்தப் பேட்டியிலும் உங்கள் குரல் தனியாக இல்லை. ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதனால்தான் செம்பூரில் அன்று மத்தியானம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். நீங்கள் வில்லைத் துடைத்தபடி, "பாட மட்டும் நான் பம்பாய்க்கு வரல வே. இங்க ஒருத்தியப் பாக்கணும்" என்றீர்கள். நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள். ஆமா நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

"சரி, விடும்" என்று எழுந்துவிட்டீர்கள்.

டோம்பிவிலிக் கச்சேரிக்குப் போகும்போது ரயிலில் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்கு முந்தின நாளே மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. யார் அவள்? மகளா, தங்கையா, யாரோவா? உங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டத்தை எடுத்த காட்சிகளில் ஒவ்வொரு பெண்ணின் முகமாக நிறுத்திப் பார்க்கிறேன். வேலை ஓடவில்லை. என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது, அண்ணாச்சி. ஒலி சுத்தமாக இருக்கட்டும் என்று மனிதரைக் கைவிட்டேன்.

இப்போதெல்லாம் லோக்கல் ரயிலில் முகம் தெரியாதவர் பேசினால்கூட முந்திக்கொண்டு ஆமா போடுகிறேன். ஆமாம்சாமி ஆகிவிட்டேன் என்று வீட்டில் கேலி.

என் ஆமாக்களையெல்லாம் வெட்டச் சொல்லிவிட்டேன். அந்தப் பதினோரு நொடியை மட்டும் தொட விடவில்லை. படத்தை முதலில் தாராவியில்தான் போடுகிறோம். நீங்கள் நிறுத்திவிட்டுப் பார்க்கும் அந்த இடத்தில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் ஆமா சொல்லுமா என்று கேட்க, நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பேன்.