விர்ஜில் பெயர் இல்லாத வாக்குச்சீட்டு

கென்டக்கி மலைகளின் மகாராணி ஆர்லீனுக்கு, அலாஸ்கா மீன்களின் சக்கரவர்த்தியும் உன் கணவனுமான ஓரன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிரில் என் மூக்கு உதிர்ந்து விழுந்தது. எடுத்து ஒட்டிக்கொண்டேன், கவலைப்படாதே.

தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. நம் வீட்டிலேயே தங்கிக்கொண்டு, நம் மாவட்டச் சிறை அதிகாரி பதவிக்கு நிற்கிறானே உன் தம்பி விர்ஜில், அவன் பெயரையே காணோம். "சதி!" என்று கர்ஜித்தேன், திமிங்கிலங்கள் திசைமாறி ஓடின. என்னோடு படகில் வேலை செய்யும் நம் ஊர் டெல்மர் மட்டும் சிரித்தான்.

"யோவ், நீ உங்கப்பா காலத்துலேர்ந்து டெமாக்ரட் கட்சின்னு பதிஞ்சவன். விர்ஜில் நிக்கிறது ரிபப்ளிகன் கட்சிக்குள்ள நடக்கற தேர்தல்ல. டிசம்பருக்குள்ள கட்சி மாத்திப் பதிஞ்சிருந்தாத்தான்யா அவனுக்கு நீ ஓட்டுப் போடலாம்!"

அங்கேதான் எனக்குச் சந்தேகம் முளைத்தது. விர்ஜில் கேட்டானே என்று, எதற்கென்று புரியாமலே டிசம்பரில் பதிவை மாற்றக் கிளம்பியவனை, "பனி கொட்டுது, எங்கய்யா போற? உக்காரு, கேக் ஆறிடும்" என்று மடக்கியது யார்? நீயும் மாற்றவில்லையே! விர்ஜில் ஜெயித்தால் சிறையை ஒட்டிய அதிகாரி வீட்டுக்குக் குடிபோவான், என் சாய்வு நாற்காலிக்கு விடுதலை. தோற்றால் நம் வீட்டிலேயே கிடப்பான். உனக்கு எது வேண்டும்? மறைக்காமல் எழுது.

கம்பளிக் காலுறை அனுப்பு. காலுறைக்குள் அதே மாதிரிக் கேக்கில் ஒரு துண்டும் வை, நொறுங்கினாலும் பரவாயில்லை. படகில் வேலைக்குச் சங்கு ஊதுகிறார்கள்.

நானும் இல்லாமல் விர்ஜிலும் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுமே என்றுதான் என்னை மடக்கினாய் என்றால், அவன் தோற்கட்டும். நான் வரும்வரை நாற்காலியில் அவனே உட்காரட்டும். என் காபிக் கோப்பையை மட்டும் தொடக்கூடாது.

உன் ஓரன்