எட்டு மாதமாக ஃப்ரைட் ரைஸ்

யாங்ஜோ,
நவம்பர் 12

அன்பு மகள் வென்வென்னுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். அதில் பின்பாதியை மட்டும் வைத்துக்கொள், முன்பாதியை எழுத மனம் வரவில்லை. ஞாயிறு தவறாமல் போனில் முகம் பார்க்கிறோமே, எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் இருக்கிறாள், அதனால்தான். உன் துறைமுகத்தில் வேலை பார்க்கும் சோங் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை லிமாவுக்குத் திரும்புகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருப்பதற்கான ஒப்பந்தத்தில் மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, அதற்கு முன் இதைப் படித்துவிடு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். போன் பழுது என்று இரண்டு ஞாயிறு உன்னிடம் பேசாமல் இருந்தோமே, அப்போதுதான். பயப்படாதே, உயிருக்கு ஆபத்தில்லை, மெல்ல நடக்கிறாள், வாய்க்கு ஒரு குறையும் இல்லை, அதைத்தான் நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் வலது கை விழுந்துவிட்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குக் கிண்டிய கை இப்போது ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்காது. நீ கூப்பிடும்போது அந்தக் கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறாள். போனில் நீ பார்க்கும் காலைப் பலகாரமெல்லாம் கீழ்வீட்டு பான் அக்காவின் கடையிலிருந்து வருவது. நாலடுக்கு ஆவிக்கூடையில் மேல் கூடையில் மட்டும்தான் பன் இருக்கும், கீழே மூன்றும் காலி. போன வாரம் நீ, அம்மா கைப்பக்குவமே தனி என்று சொன்னபோது அவள் சிரித்தாள் பார், அதைப் பார்த்துவிட்டு எனக்கு அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை.

ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு நல்லது மட்டும்தான் சொல்ல வேண்டும், கெட்டது முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று. உன் தாத்தா போனதைக் கல்லூரிப் பரீட்சை முடிந்த பிறகுதான் உனக்குச் சொன்னோம். நீ மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை, உன் அம்மா மறந்துவிட்டாள். சொல்லிவிடலாமா என்று கேட்டால், "அவ பொழப்புல நாம மண்ணள்ளிப் போடணுமா, வாய மூடிக்கிட்டு இருய்யா" என்கிறாள்.

எங்கள் சாப்பாட்டுக் கதையைக் கேள். எட்டு மாதமாக மத்தியானம் தினமும் முட்டையும் காய்கறியும் போட்ட ஃப்ரைட் ரைஸ்தான். முப்பத்தோரு வருடம் கால்வாய் மதகைத் திறந்து மூடியவனுக்கு வேறு என்ன தெரியும்? வேறு ஏதாவது கற்றுக்கொள்ளலாமே என்பாய். காரணம் அதுவல்ல. இடது கையால் அவளுக்குச் சாப்பாட்டுக் குச்சி பிடிக்க வரவில்லை. ஸ்பூன்தான். மீன் என்றால் முள் எடுக்க வேண்டும், இறைச்சி என்றால் நான் பிய்த்துத் தர வேண்டும். ஒருநாள் ஊட்டப் போனேன், "இன்னொரு தடவ ஊட்ட வந்தே, தட்டு உன் தலையில இருக்கும்" என்றாள். ஃப்ரைட் ரைஸில் எல்லாமே பொடிப்பொடியாக நறுக்கியது, யார் தயவும் இல்லாமல் ஸ்பூனில் அள்ளிச் சாப்பிடலாம். அதனால் அது மட்டும்தான் உள்ளே போகிறது. முதல் நாள் அப்போதுதான் வடித்த சோற்றைச் சட்டியில் கொட்டிவிட்டேன். குழைந்து ஒட்டிக்கொண்டது. "யோவ், இது சோறா, மதகு ஓட்டைய அடைக்கிற சிமெண்டா" என்று கேட்டாள். மறுநாள் ராத்திரிச் சோற்றை வைத்துச் செய்தேன், உதிர்க்காமல் போட்டுக் கட்டி கட்டியாகிவிட்டது. மூன்றாம் நாள் காரட்டையும் காளானையும் கழுவி ஈரத்தோடு போட்டேன், எண்ணெய் வெடித்துக் கையில் கொப்புளம். "குளிப்பாட்டினியே, துவட்டி விட்டியா" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி விரட்டினாள். அவள் முறைப்படி மஞ்சள் கருவை அடித்து, ஆறிய சோற்றில் ஊற்றி, ஒவ்வொரு பருக்கையும் மஞ்சளாகும்வரை கையால் பிசற வேண்டும். அப்படி நான் முதன்முதலாகப் பிசறிய அன்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குத் திட்டே இல்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

களைத்துவிட்டேன் வென்வென். எனக்கு அறுபத்தொன்பது வயது. குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, வாரம் மூன்று நாள் பஸ் பிடித்து சிகிச்சைக்குக் கூட்டிப் போவது, மாடிப்படி ஏறும்போது என் முழங்காலே என்னைத் திட்டுகிறது. கை திரும்புவதற்கு இந்த முதல் வருடம்தான் முக்கியம், பக்கத்தில் ஒருவர் இருந்து தினமும் பொறுமையாகப் பயிற்சி கொடுத்தால் ஓரளவு வரும் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ரப்பர் பந்தைப் பிடிக்கச் சொன்னால் அவள் எறிகிறாள், நான் கத்துகிறேன், இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நீ சொன்னால் கேட்பாள். எட்டு மாதம் போய்விட்டது, மிச்சம் நாலு மாதம்தான். கையெழுத்துப் போடாதே என்று சொல்லவில்லை, உன் உழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் காலிக் கூடையை நிறைந்த கூடை என்று நம்பி நீ முடிவெடுத்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

அங்கே வெயில் காலம் வரப்போகிறது, தொப்பி இல்லாமல் வேலைத்தளத்துக்குப் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாமேல் கோபப்படாதே, என்மேல் படு. சோங்கிடம் பையில் காய்ந்த காளான் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள். நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
டிங் ஹோங்ஷெங்

பி.கு. கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காய் நறுக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "எட்டு மாசம் ஒரு ரகசியத்தக் காப்பாத்தத் தெரியல, நீயெல்லாம் என்னய்யா ஆம்பள" என்றாள். அப்புறம் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். கடைசியில் இடது கையை நீட்டிப் பேனாவைக் கேட்டாள். போனில் உன்னைக் கையெழுத்துப் போடு போடு என்று சொன்னவள் இவள்தான், அதையேதான் எழுதப்போகிறாள் என்று இருந்தேன். காகிதம் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன். அடுப்பில் வைத்த சோறு வெந்து இறங்கும் நேரம் ஆயிற்று அவளுக்கு. கீழே இருப்பது அவள் எழுதியது.

வென்வென், வா.