“போறேன்” என்று பறந்தவன்

அன்புள்ள ஓவியனுக்கு,

நம் பறக்கும் வீரன் படக்கதையின் இரண்டாம் பாகத்தை, நீ தனியாகச் செய்ததை, அரியலூர் பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். படு மோசம். அந்தச் சந்தோஷத்தில் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன்.

படமெல்லாம் அழகுதான். ஆனால் கடைசிப் பக்கத்தில் அவன் தன் அம்மாவிடம் “போறேன்” என்று சொல்லிவிட்டுப் பறக்கிறான். நம் பக்கம் எவன்டா அப்படிச் சொல்வான்? என் அம்மா பார்த்துவிட்டு, “எழவு வூட்டுலேர்ந்தா கெளம்புறான்?” என்று கேட்டாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஊரே கொண்டாடிய முதல் பாகத்தில் “போயிட்டு வரேம்மா” என்று எழுதியவள் நான்.

நாம் சண்டை போட்ட அன்று, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நீயும் “போறேன்” என்றுதான் சொன்னாய். மூன்றாம் பாகத்துக்கு முன்னால் அதைத் திருத்த வேண்டும். வா.

இப்படிக்கு,
உன் வசனக்காரி