தாழிக்குள் இருப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்

காக்கேத்தி,
மே 17, ஞாயிறு

அன்பு மகள் தம்தாவுக்கு அப்பா ஜெமாலி எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் திராட்சைக் கொடிகளும் சௌக்கியம். இத்தாலியில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியம்மாவும் கர்த்தர் கிருபையால் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் அந்தப் போட்டோ விஷயம். பக்கத்து வீட்டு சியூரி அதை உனக்கு அனுப்பாமல் தூங்கியிருக்க மாட்டாள். தரையிலிருந்து பூசணிக்காய் முளைத்தது போலத் தெரிகிறதே, அது உன் அப்பாதான்.

செவ்வாய்க்கிழமை காலை, தரைக்குள் வாய்வரை புதைத்திருக்கும் என் ஒயின் தாழி காலியாக இருந்ததால், அதைக் கழுவ நானே உள்ளே இறங்கினேன். இறங்கினேன் என்பது பொய். இடுப்புவரை இறங்கினேன். கால் இரண்டும் உள்ளே தொங்க, வயிறு தாழியின் வாயை அடைத்துக்கொண்டது. நாற்பது வருஷமாக அந்தத் தாழிக்கு எத்தனையோ மூடி போட்டிருக்கிறேன், இவ்வளவு கச்சிதமாக ஒன்றும் பொருந்தியதில்லை. சல்லடை கேட்டு வந்த சியூரி என்னைப் பார்த்ததும் முதலில் போட்டோ எடுத்தாள். பிறகுதான் கூச்சல் போட்டாள். உன் புருஷன் கோச்சா ஓடிவந்து என் அக்குளில் கயிறு கட்டி, மறுமுனையை டிராக்டரில் மாட்டினான். நான் மேலே வந்தேன். கால்சட்டை உள்ளேயே தங்கிவிட்டது.

சியூரி சும்மா போயிருக்கலாம். "ஏன் ஜெமாலி, போன வருஷமும் நீதான் எறங்கிக் கழுவுனேன்னு ஊரெல்லாம் சொன்ன. அப்ப நுழைஞ்ச வயிறு இப்ப ஏன் நுழையல?" என்றாள். "குளிர்காலத்தில் உன் வீட்டு ரொட்டியைத் தின்றேன், அதான்" என்றேன். கோச்சா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றான். அவன் காதிலும் விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் நிற்கும்போதுதான் எனக்குப் பயமே.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் அவன் காதில் விழும். அவன் சமையலறையில் இருந்தால் கதவு வழியாக, தோட்டத்தில் இருந்தால் சியூரி வழியாக. அதனால்தான் பார்சல் வண்டியில் கொடுத்தனுப்பும் வால்நட் பைக்குள், ஒரு காலுறையில் சுருட்டி இந்தக் கடிதத்தை வைக்கிறேன். பை தைத்தபடியே வந்ததா என்று பார். வண்டிக்காரன் முகமும் எனக்குப் பிடிக்கவில்லை.

மேல்தோட்டத்தைக் கோச்சாவின் ஒயினாலை பேருக்கு மாற்றும் பத்திரத்தில் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று இரண்டு தரம் கேட்டாய். தோட்டமும் ஒயினும் ஒரே பேரில் இருந்தால்தான் ஒயின் வாங்குவேன் என்று அந்தப் போலந்துக்காரர் சொல்கிறாராம். அவர் வாங்கினால் நீ அக்டோபரில் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடலாமாம். எல்லாம் தெரியும் மகளே. உன்னை வீட்டில் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? ஆனால் கையெழுத்துப் போட்ட மறுநாள் நான் என் தோட்டத்திலேயே விருந்தாளி ஆகிவிட்டால்?

புதுவருஷத்து இரவு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மாமா, இது முந்தி மாதிரி வீட்டு ஒயின் இல்ல. இப்ப இது ஒயினாலை" என்றான். "அப்போ நான் யாரு மாப்பிள்ளை, வாட்ச்மேனா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அவன் சீமை இமெரெத்திக்காரர்கள் சிரித்தால் அதற்கு ஐந்து அர்த்தம் உண்டு. சுற்றுலாக்காரர்கள் வரும் நாளில் என்னைக் கம்பளித் தொப்பி போட்டு வாசலில் உட்காரச் சொல்கிறான். நானும் போட்டுக்கொண்டு உட்கார்கிறேன், அது வேறு. கண்ணாடியில் பார்த்தேன், எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரவோடு பேச்சு நின்றுபோனது. "மாப்பிள்ளை, உப்பை எடுங்க." "இந்தாங்க மாமா." நாலு மாதமாக வீட்டில் இவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் அவனை வாடா போடா என்பேன், உனக்குத் தெரியும். இப்போது அவ்வளவு மரியாதை கொடுக்கிறேன்.

ஐந்து தாழியில் நாலு அவனுடையது. மூலையில் இருப்பது ஒன்றுதான் என்னுடையது. என் பழங்களை நான்தான் மிதிப்பேன், தோலோடும் காம்போடும் நான்தான் போடுவேன், களிமண் பூசி நான்தான் மூடுவேன். களிமண் ஈரமாக இருக்கும்போதே நாலு பக்கமும் என் கட்டைவிரலை அழுத்திவிடுவேன். பத்தொன்பது வயதில் கொடிக்கு ஒட்டுப்போடும்போது நுனி போன விரல். இந்த ஜில்லாவில் அப்படி ஒரு முத்திரை வேறு யாருக்கும் கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கண் டாக்டரைப் பார்க்க தெலாவிக்குப் போனேன். புதன்கிழமை காலை தாழி அறைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். நாலு பக்கமும் குட்டை விரல் அடையாளம் இருந்தது. ஆனால் நடுவில் சுருக்கம். யாரோ முழு விரலை மடக்கி, அதன் கணுவை அழுத்தியிருக்கிறார்கள்! என் குட்டை விரலுக்கே போலி செய்த ஆள் இந்த வீட்டில் இருக்கிறான். புதுக் கண்ணாடி போட்ட முதல் நாளே அது என் கண்ணில் பட்டது பார்.

சியூரியைக் கேட்டேன். "நேத்து ஒன் மாப்பிள்ளை உள்ள பம்பு ஓட்டிக்கிட்டிருந்தான். என் மாட்டு மேல சத்தியம்" என்றாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்டேன். "நானா? நான் எதையும் பாக்கலியே. எனக்கும் கண்ணு போச்சு ஜெமாலி" என்றாள். இரண்டு நாளில் ஒருத்திக்குக் கண் போகுமா? அவள் வாயை யாரோ அடைத்துவிட்டார்கள். எதைக் கொடுத்து என்றுதான் புரியவில்லை. அதே வாரம் அவள் ஒரு ஜாடி பூண்டு ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தாள். இப்படி ஒரு புளிப்பு என் ஆயுளில் தின்றதில்லை என்று புகழ்ந்து தள்ளினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வெட்கம் என்று நினைத்தேன்.

நான் முடிவு கட்டிவிட்டேன். கோச்சாவின் ஒயின் இந்த வருஷம் சரியாக வரவில்லை, அதனால் என்னுடையதைத் திருடித் தன் பாட்டில்களில் அடைக்கிறான். உண்மையைச் சொன்னால், கோபத்துக்கு நடுவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. திருடன் ருசி தெரிந்தவன்.

ஈஸ்டர் அன்று போலந்துக்காரர் முன்னால் என் தாழியைத் திறந்தோம். பாதிதான் இருக்கும், எல்லோர் முன்னாலும் மாட்டட்டும் என்று காத்திருந்தேன். விளிம்புவரை இருந்தது! திருடிவிட்டு நிரப்பி வைக்கிற திருடனை எங்கே பார்த்திருக்கிறாய்? முதல் வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, அது என் ஒயின் இல்லை. என்னுடையது ஆறிப்போன தேநீர் நிறத்தில் இருக்கும், நாக்கைப் பிடித்து இழுக்கும். இது வைக்கோல் நிறம். வழுக்கிக்கொண்டு போகிறது. போலந்துக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் என்கிறாய்? கிண்ணத்தைத் தூக்கி, என் தகப்பனார் பேரையும் பாட்டனார் பேரையும் சொல்லி, அந்தத் தாழியின் பெருமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். கோச்சா தலையைக் குனிந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கமே போனது. அப்படியானால் என் ஒயின் எங்கே? யாருக்கு விற்றான்? ஒயினையே இப்படி மாற்றுகிறவன் பத்திரத்தை மாற்ற மாட்டானா?

தாழி காலியானதும் அவன் வந்து, "மாமா, நான் எறங்கிக் கழுவட்டுமா?" என்று கேட்டான். போன செப்டம்பரிலும் இதேதான் கேட்டான். இமெரெத்திக்காரன் கால் என் தாழியில் படக்கூடாது என்று அப்போது சொன்னதையே இப்போதும் சொன்னேன். சொன்ன வீம்புக்கு நானே இறங்கினேன். பூசணிக்காய் கதை அப்படி வந்ததுதான்.

வியாழக்கிழமை அவன் மறுபடியும் வந்தான். இடுப்பு வலியில் என்னால் குனியக்கூட முடியவில்லை. "மாமா, நான் எறங்கறேன். நீங்க மேல நிக்கணும். தனியா எறங்கக் கூடாதுன்னு ஒங்களுக்கே தெரியும்" என்றான். எப்படி மறுப்பது? உள்ளே காற்று கெட்டிருந்தால் இறங்கினவன் சத்தமில்லாமல் சாய்ந்துவிடுவான். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்தோம். அணையவில்லை. அதன்பின் உள்ளே இருப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், மேலே இருப்பவன் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நாலு மாதம் பேசாத இரண்டு பேரை அந்தத் தாழி பேச வைத்ததைப் பார்.

அவன் மழை இல்லாததைப் பேசினான். தன் அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசினான். "ஒங்க மக போன்ல சிரிக்கறப்ப மூக்கால சத்தம் வருது மாமா, ஒங்கள மாதிரியே" என்றான். நான் "உம்", "உம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். செர்ரிப் பட்டைத் தூரிகை சரக்சரக்கென்று தேய்க்கும் சத்தம். இவன் இப்போது எங்கேயும் ஓட முடியாது, வாயை மூடவும் முடியாது என்று எனக்குத் தோன்றியது. குனிந்து கேட்டேன்: "மாப்பிள்ளை, ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கெழம என் தாழியில என்ன பண்ணீங்க?"

தூரிகைச் சத்தம் நின்றது. பேச்சும் நின்றது.

"மாப்பிள்ளை?" என்றேன். பதில் இல்லை. அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தேன், தொய்வாக வந்தது. தம்தா, அப்போது எனக்கு ஒயினும் நினைவில்லை, பத்திரமும் நினைவில்லை. உனக்கு எப்படிப் போன் செய்வேன் என்பதுதான் நினைவு. "டேய் கோச்சா! டேய், பேசுடா!" என்று கத்தியபடி தலைகீழாக உள்ளே பாய்ந்தேன். வயிறு மறுபடியும் வாயில் மாட்டியது.

"இருக்கேன் மாமா. வெளிச்சத்த மறைக்கறீங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நான் நெளிந்து வெளியே வந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னான். என் தாழிப் பக்கம் மார்ச்சிலேயே, ஒயின் புளித்துக் காடியாகிவிட்ட வாசம் அடித்ததாம். எனக்கு அப்போது சளி. தெலாவிக்கு நான் போன அன்று திறந்து பார்த்திருக்கிறான், முழுக்கக் காடி. போலந்துக்காரர் முன்னால் என் தலை குனியக் கூடாதென்று காடியையும் தோலையும் இறைத்துக் கொட்டி, குழாய்த் தண்ணீரால் அலசி, தன்னுடைய சிறந்த தாழியிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறான். சியூரிக்குக் கொடுத்தது பத்து லிட்டர் காடி. நான் புகழ்ந்து தின்ற புளிப்பு என் சொந்தத் தாழிக் காடிதான்! அன்றைக்கே அவன் உனக்குப் போன் செய்தானாம். "அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்று நீ சொன்னாயாம். நீயுமா மகளே? இனி இந்த வீட்டில் நான் யாரைத்தான் சந்தேகப்படாமல் இருப்பது?

பேசிக்கொண்டே அவன் ஒரு வாளியை மேலே அனுப்பினான். அடியிலிருந்து சுரண்டிய பழைய கறை, விரல் கனத்துக்கு இருந்தது. "நல்லா ஒட்டியிருக்கு மாமா" என்றான். "ஏன்டா காடியாச்சு?" என்று கேட்டேன். அவன் மறுபடியும் தூரிகையை எடுத்துத் தேய்த்தான். "அறுப்பு சமயத்துல மழ பேஞ்சிச்சில்ல மாமா, பழத்துல தண்ணி ஏறியிருக்கும்" என்றான்.

போன அறுப்பில் ஒரு பொட்டு மழை இல்லை. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். "ஆமா, மழதான்" என்றேன்.

அன்று மாலையே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதைப் பார்த்ததும் அவன் எனக்கு ஊறுகாய் எடுத்து வைத்தான். பத்திரத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், சந்தேகம் போகவில்லை, கண்ணாடி போட்டு மூன்றாம் தரமும் படித்தேன். மூலைத் தாழி என்னுடையது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அவன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான். புதுவருஷத்திலிருந்து அது அங்கேயேதான் இருந்ததாம். நான்தான் படிக்கவில்லை.

அக்டோபரில் வந்துவிடு அம்மா. பெரியம்மாவிடம் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு வா. உன் வயிறு நிறைந்து, கை நிறைந்து, நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் நூறு அறுப்புப் பார்க்க வேண்டும். வந்த பிறகு, அவன் நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, எனக்காக ஒன்றைச் சொல்லிவிடு. நான் தாழிக்கு மேலே நின்றேன், பேச வேண்டிய முறை என்னுடையதாக இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. போன செப்டம்பரில் நான் தாழிக்குள் இறங்கவே இல்லை. அப்போதும் வயிறு நுழையவில்லை. தூரிகையைக் கம்பில் கட்டி மேலிருந்தே நாலு ஆட்டு ஆட்டிவிட்டு, கழுவியாயிற்று என்று வந்து உட்கார்ந்தேன். நான் எறங்கட்டுமா என்று அன்றைக்கு அவன் மூன்று தரம் கேட்டான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெமாலி