உன் முதல் ஆட்டத்துக்கு வந்திருந்தேன்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று ரொறன்ரோ அணிக்காக நீ ஆடிய முதல் ஐஸ் ஹொக்கி ஆட்டத்தைக் கடைசி வரிசையில் இருந்து பார்த்தேன். உன் சட்டையின் முதுகில் என் பெயர் இருந்தது.

"படிப்பை விட்டிட்டு உந்த விளையாட்டுக்குப் போறதெண்டால் இந்த வீட்டுக்கு வராதை" என்று ஆறு வருடங்களுக்கு முன் உன்னிடம் சொன்னவன் நான். நீ அதற்குப் பிறகு வரவேயில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு உன்னிடம் கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்றேன். யாருக்கு என்று எழுதுவது என நீ தலை நிமிராமல் ஆங்கிலத்தில் கேட்டாய்.

"அப்பாவுக்கெண்டு எழுது, ராசா."

உன் பேனா நின்றது. ஆனாலும் நீ நிமிரவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டுத் தந்துவிட்டு அடுத்தவரின் தொப்பியை வாங்கினாய்.

நன்றாக விளையாடினாய், மகன். அதைச் சொல்லத்தான் வந்தேன். வாய் வரவில்லை.

அப்பா