எட்டாவதாக உட்கார்ந்த ஆறாம் மாதம்

செக்ஸ்திலிஸ் மாதத்தின் நடுநாளுக்கு ஏழு நாள் முன்

இது நடக்கும் என்று முப்பத்தாறு வருடம் முன்பே சொன்னேன். ஐந்தாம் மாதத்தைப் பிடுங்கி, செத்துப்போன சீசருக்காக ஜூலியஸ் என்று மாற்றினார்களே, அன்றே எங்கள் ஊர் அரிக்கியாவின் சந்தை நடுவில் நின்று, "அடுத்தது ஆறாவதுதான்!" என்றேன். ஆயிரம் பேர் கேட்டார்கள். இன்று ரோமிலிருந்து சேதி: செக்ஸ்திலிஸ், அதாவது ஆறாம் மாதம், இனி இப்போதைய சீசர் பேரில் அகஸ்டஸாம்! வருடம் மார்ச்சில் பிறந்த காலத்தில் வைத்த பேர். ஜனவரியும் பிப்ரவரியும் முன்னால் வந்து உட்கார்ந்து எட்டாவதாகத் தள்ளியும், ஆறு என்ற பேரை விடாத ரோஷக்கார மாதம். அதற்கா இந்த அநியாயம்?

நான் பழைய பேரில்தான் தேதி போடுவேன். எவன் கேட்பது?

நடுநாளுக்கு ஐந்து நாள் முன்

அக்கா மகள் ஹெர்மினியா கைக்குழந்தையோடு அழுதுகொண்டு வந்தாள். பிள்ளை பிழைத்தால் இந்த செக்ஸ்திலிஸ் நடுநாளில் பந்தம் ஏந்தி வருவதாக டயானா தேவிக்குப் பலகையில் எழுதிக்கொடுத்தவள். கோயில்காரன் லப்பியஸ், "இந்த மாசமே இப்ப கிடையாதேம்மா. எழுதினதுல ஒரு சொல் பிசகினாலும் நேர்த்திக்கடன் செல்லாது. புதுசா எழுதி அடுத்த வருஷம் வா" என்றானாம்.

"அதுவரைக்கும் கடன் நின்னா, பிள்ளையைக் கொடுத்தவளே எடுத்துக்கிட மாட்டாளா, மாமா?"

நடுநாளன்று நானும் கூட வருகிறேன் என்றேன்.

நடுநாளுக்கு நான்கு நாள் முன்

மாதத்துக்குப் பேர் மாறினால் தேவிக்குக் காது கேட்காமல் போய்விடுமா? மடையன்கள்.

நடுநாள்

ஏரிக்கரைக் கோயில். ஒரே கூட்டம். லப்பியஸ் மறுபடி கையை விரித்தான். விட்டேனா?

"ஏம்ப்பா, அஞ்சாம் மாசம் ஜூலியஸ் ஆனப்போ எங்கப்பா பழைய பேர் போட்ட பலகையோடதான் வந்தாரு. உங்கப்பன்தான் வாங்கி மாட்டினான். அந்தச் சுவத்துல தொங்குது, போய்ப் பாரு. உங்கப்பனுக்கு முறை தெரியாதுங்கிறியா?"

சுவரில் ஐந்நூறு பலகை. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"கத்தாதீங்கய்யா. எங்கப்பன் செஞ்சிருந்தா சரிதான். நீ போம்மா, பந்தத்தை ஏத்து."

ஹெர்மினியா நடந்தாள். இடுப்பிலிருந்த பிள்ளை நெருப்பைப் பிடிக்கக் கை நீட்டியது.

அதே மாதம் (பேர் எதற்கு), நடுநாளுக்கு மறுநாள்

லப்பியஸ் ஆள் அனுப்பியிருக்கிறான். அந்தப் பலகை சுவரில் எந்தப் பக்கம் என்று நாளைக்கு வந்து காட்டவேண்டுமாம்.

என் அப்பா அந்தக் கோயில் பக்கமே போனதில்லை. ஏரித்தண்ணீர் என்றாலே அவருக்கு நடுக்கம். பலகை நான் வாயால் செய்தது.

இப்போது கையால் செய்து, அடுப்புப் புகையில் தொங்கவிட்டிருக்கிறேன். விடிவதற்குள் அதற்கு முப்பத்தாறு வயதாக வேண்டும்.