பாரிஸ் விமானமும் திருச்சி கவுன்டரும்

ஜூன் 3, செவ்வாய்

பாப்பா தூங்கிவிட்டாள். திருச்சி விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டர் பார்க்கும் என் கணவர் இன்று ஒரு வீடியோ அனுப்பினார். அவருடைய விமானக் கம்பெனியின் தலைவர் கையை விரித்துக்கொண்டு பேசுகிறார். குட்டி விமானங்கள் நம் கனவுக்குப் போதாதாம். இனி சென்னையிலிருந்து நேரே பாரிஸ், அப்புறம் டொரான்டோ. பன்னிரண்டு நிமிடத்தில் 'வளர்ச்சி' பத்தொன்பது முறை, 'குடும்பம்' ஏழு முறை. 'திருச்சி' ஒருமுறைகூட இல்லை. நான் படித்த எம்.எஸ்சி. கணிதம் இதற்காவது பயன்படுகிறது.

ஜூன் 8, ஞாயிறு

வார விடுப்பில் இவர் வந்திருக்கிறார். காரைக்காலில் பாரிஸ் என்றால் அடுத்த தெரு மாதிரி. பாதி வீட்டுக்கு அங்கே ஒரு மகனோ மகளோ உண்டு. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் உத்திராபதி பெரியப்பா காலையிலேயே வந்துவிட்டார்.

"டேய் ஜெயபிரகாசு, காலு நீட்டுற மாதிரி ஒரு சீட்டு போட்டுக் குடுடா. முட்டிய மடக்க முடியல."

"பெரியப்பா, நான் திருச்சியில இருக்கேன். அது சென்னை பிளைட்டு."

"எல்லாம் ஒரே கம்பெனிதானடா!"

இவரும் தலையாட்டிவிட்டார். அப்படியானால் திருச்சிக்கு வரும் நான்கு குட்டி விமானங்களும் என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியாதாம். கேளுங்களேன் என்றேன். "கேட்டா என் பேரு அவங்களுக்கு ஞாபகம் வந்துரும் தேவிகா."

ஜூன் 27, வெள்ளி

இரண்டு வாரம் சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய விமானத்துக்கு எடுத்த புது ஆட்களுக்கு இவர்தான் வேலை கற்றுத் தர வேண்டும். அத்தைக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, "எம்புள்ள பாரிஸ் பிளைட்டுக்குப் போயிட்டான்."

ஜூலை 10, வியாழன்

மாங்கனித் திருவிழா. வேண்டியது நடந்தவர்கள் சாமி வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். அத்தை இரண்டு கூடை வாங்கிவிட்டார்.

"அத்த, ஆர்டர் கைக்கு வரட்டுமே?"

"நல்ல நாள்ல வாய வைக்காதடி."

கூட்டம் அத்தையின் மாம்பழத்துக்கு முண்டியடித்தது. நானும் ஒன்று எறிந்தேன். ஒருவேளை அத்தை சொல்வது சரியாக இருந்தால்?

ஜூலை 13, ஞாயிறு

வந்துவிட்டார். இவரிடம் கற்றுக்கொண்டவர்கள் கம்பெனி ஆட்களே இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள், பாதிச் சம்பளம். "நல்லா புடிச்சிக்கிட்டாங்க" என்கிறார். முகத்தில் பெருமை வேறு! கொஞ்சம் மோசமாகச் சொல்லிக்கொடுத்தால்தான் என்ன?

ஜூலை 29, செவ்வாய்

கடிதம் வந்தது. 'உங்கள் உழைப்பே எங்கள் சிறகு.' அதற்கு அடுத்த வரியில், ஆகஸ்டோடு திருச்சி கவுன்டர் மூடல். வாடகைக்கு எடுத்திருந்த குட்டி விமானங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதாக எடுக்கிறார்களாம். விருப்பமிருந்தால் சென்னையில் ஒப்பந்தக்காரரிடம் சேரலாம். இவர் கற்றுக்கொடுத்த வேலை, கற்றுக்கொண்டவர்களின் சம்பளம்.

போனா இவரு அங்க ஒரு ரூமுல, நாங்க இங்க. வாரம் ஒருநாள் வர்ற அப்பாவப் பாத்தே பாப்பா யாரோன்னு அழுவுது, இனிமே மாசம் ஒருநாள்னா? போகலன்னா சாப்பாட்டுக்கு? — இதுக்கு மேல எழுத முடியல.

ஜூலை 30, புதன்

அத்தையிடம் சொன்னோம். காலி மாம்பழக் கூடை இரண்டையும் எடுத்துப் பரணில் போட்டார். அப்புறம், "நான் குடுக்க வேண்டியத முன்னாடியே குடுத்துட்டேன். இனிமே சாமி பொறுப்பு."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கடைசி நாள். பணியிலிருந்து விலகிய அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு மெயில். ஐந்து போட்டார். "அஞ்சா?" என்றேன். "நாளப்பின்ன கூப்பிட்டா?"

செப்டம்பர் 19, வெள்ளி

பாரிஸ் விமானம் பறக்க ஆரம்பித்துவிட்டது. பெரியப்பாவுக்கு டிக்கெட்டும் கிடைத்துவிட்டது. சென்னைக்கு எப்படிப் போவது என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் திருச்சியில் ஏறி அங்கே மாறுவார். இப்போது காரில் ஏழு மணி நேரம். அதற்குப் பிறகுதான் நீண்ட தூரப் பயணமே தொடங்கும்.

டிராவல்ஸ் வைத்திருக்கும் காஜா நஜ்முதீன் பாய் வீட்டுக்கு வந்தார். "கார் சும்மா நிக்கிது தம்பி, டிரைவர் துபாய் போயிட்டான். நீங்க ஓட்டுவீங்கல்ல?"

இவர் என்னைப் பார்த்தார். சென்னை வேலைக்குப் பதில் சொல்ல நாளைதான் கடைசி நாள்.

"ஓட்டுவாங்க பாய்." சொன்னது நான்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று ஐந்தாவது சென்னை சவாரி, விடிகாலை மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார். பாய் எடுத்தது டிரைவர் வேலைக்கு. இவர் கை சும்மா இருக்குமா? புறப்படுமுன் வாசலில் பெட்டிகளை எடை போடுகிறார், கைப்பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலைப் பிடுங்கிப் பெட்டியில் வைக்கிறார், போனிலேயே போர்டிங் பாஸ் எடுத்துக் கொடுக்கிறார். மத்தியானம் அம்பகரத்தூரிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார்.

"பொட்டிய எட போட்டு ஏத்தி விடுற டிரைவர் தம்பி வீடுதானே?"

"ஆமாங்க."

"மருமவளுக்குப் பருப்புப்பொடி மூணு கிலோ. கையில வச்சுக்கலாமா?"

"வேணாங்க, பெரிய பொட்டியில வைங்க." கவுன்டரில் உட்கார்ந்தவள் மாதிரி சொன்னேன்.

"தம்பிக்கிட்ட ஒரு வார்த்த கேக்கணுமே. எப்ப வருவாரு?"

"சென்னை போயிருக்காங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துருவாங்க."